கண்புரை அறுவை: காஞ்சி நெசவாளர் போட்ட கணக்கு

கண்ணின் பாவைக்குப் பின்னால் இருக்கும் வில்லை, வயது ஏற ஏறத் தெளிவு இழந்து கலங்கிப்போவதைக் கண்புரை என்கிறோம். கலங்கிய வில்லையை எடுத்துவிடுவதே இதற்கு மருத்துவம். சொட்டு மருந்தோ மாத்திரையோ அதைத் தெளிய வைப்பதில்லை. ஆயினும் இன்றே செய்தாகவேண்டிய அறுவை இது அன்று. காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவுக்கு 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக அறுவை நடந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார். அப்படிப்பட்ட நோயில் 'பிறகு பார்க்கலாம்' என்ற பேச்சுக்கு இடமில்லை. கண்புரையில் அந்தப் பேச்சுக்கு நிறைய இடம் உண்டு. ஒரு மாதம் பொறுக்கலாம், ஓராண்டும் பொறுக்கலாம். 'உங்களுக்கு எப்போது வசதி?' என்று மருத்துவரே கேட்கிறார்.

அதனால் இந்த அறுவையின் வரலாற்றை எழுதும்போது மருத்துவமனைக்கு உள்ளே நடந்தது பாதிதான் வரும். செய்துகொள்ளலாமா, பொறுக்கலாமா என்று வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சு மீதிப் பாதி. அந்தப் பேச்சைக் காஞ்சிபுரத்து நெசவாளர் தெருவில் நின்று கேட்க இக்கட்டுரை முயல்கிறது. நான் பிறந்ததும் பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவில்தான்.

நெசவும் கண்ணும்

காஞ்சிப் பட்டின் பெயர் கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் பிரி விடாமல் இழைகள் பின்னிக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள் ஓடும். நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போடுவார். முந்தானைக்குப் பாவின் நிறத்தையே மாற்றும் பேட்னி வேலையோ இதைவிடக் கடினம். பழைய பாவு இழை ஒவ்வொன்றோடும் புதிய நிறத்து இழை ஒன்றைக் கையால் சேர்க்க வேண்டும். ஒரு சேலையின் பாவில் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இடையில் ஓர் இழை அறுந்தால் அதைத் தேடிப் பிடித்துப் பிணைக்கவேண்டியதும் கண்ணால்தான்.

புரை தொடங்கும்போது முதலில் வரும் தொல்லை கூச்சம். ஒளிரும் பொருளைப் பார்த்தால் அதைச் சுற்றி ஒளி சிதறித் தெரியும். அலுவலகத்தில் வேலை செய்பவர் இதை எதிரே வரும் வண்டியின் விளக்கில் உணர்வார். நெசவாளர் சரிகையில் உணர்வார். அடுத்து நிறம் கெடும். கலங்கும் வில்லை மஞ்சளாகிப் பழுப்பாகிறது. வழியில் நீல ஒளியைத் தடுக்கிறது. மயில்கழுத்து நிறத்துக்கும் கரும்பச்சைக்கும் உள்ள வேறுபாடு மங்கும். எங்கள் பெரியப்பா ஒருமுறை இரண்டு நீலங்களைக் கலந்து நெய்துவிட்டார். சேலை திரும்பி வந்தது, கூலி பிடித்தம் ஆனது. அவருக்குப் புரை இருப்பது வீட்டுக்குத் தெரிந்தது அன்றுதான். அவரோ அதற்கு முன்பே தெரிந்துகொண்டு, வெயில் ஏறிய பிறகு மட்டும் தறியில் இறங்கிச் சமாளித்து வந்திருக்கிறார்.

ஊசியால் தள்ளிய காலம்

சுசுருத சங்கிதையில் புரைக்கான ஊசி முறை விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வெண்விழிப் பக்கமாக ஊசியைச் செலுத்திக் கலங்கிய வில்லையைப் பார்வையின் பாதையிலிருந்து விலக்குவது அம்முறை. வில்லை கண்ணுக்குள்ளேயே கீழே கிடக்கும். பாதை திறந்துவிடுவதால் வெளிச்சமும் உருவமும் தெரியும். மிகுந்த வெப்பமோ மிகுந்த குளிரோ இல்லாத காலத்தில் செய்யவேண்டும் என்றும், பிறகு நோயாளி தும்மல், இருமல், ஏப்பம் முதலியவற்றை அடக்கி மல்லாந்து படுத்திருக்கவேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. 'கத்திரி வெயிலில் கண் ஆபரேஷன் கூடாது' என்று இன்றும் நம் வீடுகளில் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு அந்த விதி நினைவுக்கு வரும். இன்றைய அறுவைக்கு அது பொருந்தாது.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதே ஊசிதான். இசைமேதை பாக் 1750இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயரிடம் கண்ணைக் காட்டி ஊசி போட்டுக்கொண்டார். பார்வை திரும்பவில்லை; அவ்வாண்டு ஜூலையில் இறந்தும் போனார். கண்ணைத் திறந்து வில்லையை வெளியே எடுக்கும் முறையைப் பிரான்சின் ஜாக் தவியேல் தொடங்கியது 1747இல், அதாவது பாக் ஊசிக்கு உட்படுவதற்கு மூன்றாண்டு முன்னால். புதிய முறை பிறந்துவிட்டது என்பதற்காக அது நோயாளியின் ஊருக்கு வந்துசேர்ந்துவிடுவதில்லை.

தமிழகத்தில் இரண்டு முறைகளும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. 1819இலேயே சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை என்று இன்று அறியப்படுவது அதுதான். தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் தன் தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளின் குறிப்புகளைக் கண்ணின் வண்ணப் படங்களோடு எழுதிவைக்கச் செய்தார். அவை சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. ஆனால் ஊர்ப்புறத்து மக்களிடம் வந்து கதவைத் தட்டியவர், ஊர் ஊராகச் செல்லும் ஊசி வைத்தியரே.

அந்த வைத்தியரைப் பற்றி நமக்கு விரிவாகத் தெரிவது ராபர்ட் ஹென்றி எலியட் என்பவரால். 1904 முதல் 1914 வரை சென்னைக் கண் மருத்துவமனையின் தலைமையில் இருந்தவர் அவர். ஊசியால் கெட்டுப்போன எழுநூற்றுக்கும் மேற்பட்ட கண்களின் விவரங்களைத் திரட்டி, 1917இல் இலண்டனில் சொற்பொழிவாக நிகழ்த்திப் பின் நூலாக்கினார். (இதே எலியட் 1930களில் இலண்டன் மந்திரவித்தைக்காரர் கழகத்தின் குழு ஒன்றுக்குத் தலைவராகி, இந்தியக் கயிற்று வித்தையை வெட்டவெளியில் செய்துகாட்டுபவருக்கு 500 கினி பரிசு அறிவித்தார். யாரும் வாங்கவில்லை.) அவர் காட்டும் வைத்தியர் நடைமுறை எளிது. ஊசி போட்டவுடன் விரல்களை நீட்டி 'எத்தனை?' என்பார், நோயாளி சரியாகச் சொல்வார், பணம் கைமாறும், வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சில நாளில் கண் சிவந்து சீழ் வைக்கும்போது கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்.

எலியட் நோயாளிகளின் அறியாமையைக் குறை சொல்கிறார். எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. வைத்தியர் வீட்டுக்கே வந்தார், கத்தி வைக்கவில்லை, அரை மணியில் முடித்தார், விரலை எண்ணவும் வைத்தார். மருத்துவமனைக்குச் சென்னை வரை போகவேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். நாள்கணக்கில் அசையாமல் படுக்கவேண்டும். 1884இல் கார்ல் கொல்லர் கொக்கெய்ன் சொட்டைக் கண்ணில் விட்டு மரத்துப்போகச் செய்யும் வரை வலியையும் தாங்கவேண்டியிருந்தது. கண்ணெதிரே தெரிந்த பலனைப் பார்த்து மக்கள் முடிவெடுத்தார்கள். தெரியாத பலன் பத்து நாள் கழித்து வந்தது.

'முற்றட்டும்' என்ற சொல்

'புரை இன்னும் முற்றவில்லை, முற்றட்டும்' என்று சொல்லாத தாத்தா பாட்டி நம் ஊரில் குறைவு. இது மூடநம்பிக்கை என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் இது பழைய மருத்துவ அறிவுரை. தவியேல் வழிவந்த முறையில், முற்றாத வில்லையைப் பிழிந்தெடுத்தால் பசை போன்ற பகுதி கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டு அழற்சி உண்டாக்கும். முற்றிய வில்லையோ சுத்தமாக வெளியே வரும். ஆகவே மருத்துவர்களே 'போய்விட்டு அடுத்த ஆண்டு வாருங்கள்' என்று அனுப்பினார்கள். பஞ்சாபில் ஜலந்தரில் ஹென்றி ஸ்மித், வில்லையை அதன் உறையோடு சேர்த்து அழுத்தி வெளியே எடுக்கும் முறையை ஆயிரக்கணக்கானோருக்குச் செய்து பரப்பினார். உறையோடு எடுக்கும் முறையின் பிற்கால வடிவங்கள் 1980கள் வரை நம் முகாம்களில் நடந்தன. அப்போதும் காத்திருப்பதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதுதான் கண்ணாடி.

தடித்த கண்ணாடி

வில்லையை எடுத்துவிட்டால் அதன் வேலையைச் செய்யக் கண்ணுக்கு முன்னால் தடித்த கண்ணாடி வேண்டும். அடிப்பாகம் சோடாப் புட்டியைப் போன்ற அந்தக் கண்ணாடியை ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அது பொருள்களை நாலில் ஒரு பங்குக்கும் மேல் பெரிதாக்கிக் காட்டும். நேர்க்கோடுகள் வளையும். பார்வையின் நடுவட்டம் தெளிவாக இருக்க, சுற்றிலும் ஒரு வளையம் தெரியாமல் போகும். பக்கத்திலிருந்து வருபவர் திடீரென்று முளைத்தாற்போல் தோன்றுவார்.

இதைத் தறியில் வைத்துப் பாருங்கள். நேராக ஓடவேண்டிய பாவு வளைந்து தெரிகிறது. நாடா பக்கத்திலிருந்து வரும் இடம் தெரியாத வளையத்தில் விழுகிறது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்து மறு கண்ணில் ஓரளவு பார்வை இருந்தால், ஒரு கண் பெரிய உருவத்தையும் மறு கண் இயல்பான உருவத்தையும் காட்டும். மூளையால் இரண்டையும் ஒன்றாக்க முடியாது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அப்படியானால் ஒரு கண் ஓரளவு வேலை செய்யும்வரை மற்றொன்றில் அறுவை செய்துகொள்வதால் நெசவாளருக்கு ஆதாயம் இல்லை. 'இன்னும் ஒரு கண் இருக்கிறதே' என்று பெரியப்பா சொன்னபோது வீட்டில் எல்லோரும் அவரைப் பிடிவாதக்காரர் என்றோம். இக்கட்டுரைக்காகப் படித்தபோதுதான், அந்த நாளில் அவர் சொன்னது சரி என்று புரிந்தது.

நாள் கணக்கும் இருந்தது. கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான்; படுத்திருக்கும் நாளுக்குக் கூலி இல்லை. பாவு தறியில் ஏறியிருந்தால் இறக்க முடியாது. வாங்கிய முன்பணம் நிற்கும். கரை நாடா போடும் துணையாளுக்கும் வேலை போகும். முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் தறியை நிறுத்த யாருக்கும் மனம் வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறி வேலை மந்தமாகும். எங்கள் தெருவில் 'மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது சொலவடைபோல ஆகிவிட்டிருந்தது. மழை வந்தால் கையில் காசு இருக்காது.

காஞ்சிபுரத்துக்கு உரிய ஒரு கேலியும் உண்டு. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் பார்வை இழந்த சுந்தரர், திருவேகம்பத்தில் இடக்கண்ணையும் திருவாரூரில் வலக்கண்ணையும் பெற்றார் என்பது பெரியபுராண வரலாறு. ஒரு கண்ணில் அறுவை செய்துகொண்டு மறு கண்ணுக்குப் போகாதவரைப் பார்த்தால், 'சுந்தரருக்கே நம் ஊரில் ஒரு கண்தான் கிடைத்தது' என்பார்கள்.

முகாம்கள் எங்கள் பக்கத்துக்கும் வந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடுமுறையில் பள்ளி வகுப்பறைகளை முகாமுக்குக் கொடுப்போம். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்து, இரு பக்கமும் தலை அசையாமல் மணல் மூட்டை வைத்துப் படுக்கவைத்திருப்பார்கள். பச்சைத் துணி தொங்கும் கண்களோடு வரிசையாகப் படுத்திருந்தவர்களைக் கரும்பலகைக்கு முன்னால் பார்த்தது மறக்கவில்லை. அவர்களில் நெசவாளர் மிகச் சிலரே.

வில்லை வந்த பிறகு

1949 நவம்பரில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி, எடுத்த வில்லையின் இடத்தில் செயற்கை வில்லையைப் பொருத்தினார். போரில் விமானிகளின் கண்ணில் தெறித்துத் தங்கிய அக்ரிலிக் துண்டுகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து எழுந்த எண்ணம் அது. மருத்துவ உலகம் அதை ஏற்கவே முப்பது ஆண்டு ஆயிற்று. இந்திய ஏழைக்கு வர மேலும் ஆனது. தடை விலைதான். இறக்குமதி வில்லைக்கு நூறு டாலர் அளவு ஆயிற்று.

இங்கே மதுரையைச் சொல்லாமல் முடியாது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவை செய்தவர், 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அதன் சார்பில் ஆரோலேப் நிறுவனம் வில்லைகளைச் செய்யத் தொடங்கியதும் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. காஞ்சிப் பகுதிக்கு நெருக்கமான மற்றொன்று சென்னை சங்கர நேத்ராலயா. காஞ்சி சங்கராச்சாரியார் ஜயேந்திரர் 1976இல் மருத்துவர்களிடையே விடுத்த வேண்டுகோளை ஏற்று, எஸ். எஸ். பத்ரிநாத் 1978இல் அதை நிறுவினார். பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டமும் 1976இல் பிறந்ததே. 1990களின் நடுவில் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த கண்புரைத் திட்டத்தின் போது, முகாமில் பரிசோதனை மட்டும், அறுவை மருத்துவமனையில் என்ற வழக்கம் வலுப்பட்டது. வகுப்பறைப் பாய்கள் போயின.

வில்லை கணக்கையே மாற்றியது. தடித்த கண்ணாடி இல்லை, இரட்டைத் தோற்றம் இல்லை. ஒரு கண்ணில் மட்டும் செய்தாலும் பலன் உண்டு. பசைப் பகுதியை உறிஞ்சி எடுக்கும் கருவிகள் வந்ததால் முற்றக் காத்திருக்கவும் தேவையில்லை. மாறாக, மிகவும் முற்றிய வில்லை கல்போல் இறுகி அறுவையைக் கடினமாக்கும். சிலருக்கு உள்ளேயே கசிந்து கண் அழுத்தத்தை ஏற்றி, வலியோடு பார்வையைப் பறித்துவிடும். தள்ளிப்போடுவதற்கு எல்லை உண்டு என்பது இந்த ஒரு நிலையில்தான் கடுமையாகத் தெரிகிறது.

ஆனால் வீட்டு வழக்கு மருத்துவத்தோடு சேர்ந்து மாறவில்லை. மதுரைப் பகுதிக் கிராமங்களில் நடந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணில் குறை உள்ளவர்களில் தம் ஊர்ப் பக்கம் நடந்த இலவச முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. அச்சம், வேலையை விட முடியாமை, துணைக்கு ஆளின்மை, செலவு ஆகியவை வராதவர்கள் சொன்ன காரணங்கள். 1991இல் வெளியான முந்தைய ஆய்வு, அறுவையை மட்டும் இலவசமாக்குவதைவிடப் போக்குவரத்தையும் உணவையும் சேர்த்து ஏற்றுக்கொண்டால் வருவோர் கூடுகிறார்கள் என்று காட்டியது. 'இலவசம்' என்று பலகை வைத்தவர்கள் பார்க்காத செலவை நோயாளி பார்த்திருக்கிறார்.

'செய்தாலும் புரை திரும்ப வந்துவிடும்' என்பது எங்கள் தெருவில் நான் அதிகம் கேட்ட மறுப்பு. எடுத்த வில்லை திரும்ப முளைப்பதில்லை. ஆனால் செயற்கை வில்லையைத் தாங்கும் பின்னுறை சிலருக்குச் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மங்கும். அதைச் சில நிமிட லேசர் மருத்துவத்தால் திறந்துவிடலாம். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால், மங்கியபோது 'ஏமாற்றிவிட்டார்கள்' என்ற பேச்சு எழுந்திராது.

2008

இந்த ஓராண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. அது கண் சம்பந்தப்பட்ட வழக்கு அன்று. பரிசோதனைக்கு மட்டும் இசைந்த பெண்ணுக்குக் கருப்பையை எடுத்துவிட்டது பற்றியது. மருத்துவத்தின் தன்மை, நோக்கம், பலன், முக்கியமான இடர்கள், மாற்று வழிகள், மறுத்தால் வரும் விளைவு ஆகியவற்றைச் சொல்லிப் பெறுவதே இசைவு என்று நீதிமன்றம் வரையறுத்தது. அவசரம் இல்லாத அறுவைக்கு இது முழுமையாகப் பொருந்துகிறது, ஏனென்றால் பொறுத்திருப்பதும் அங்கே ஒரு மாற்று வழியே.

அவ்வாண்டு ஜூலையில், விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த இலவச முகாமிலிருந்து பெரம்பலூருக்கு அழைத்துச் செல்லப்பட்டு அறுவை செய்யப்பட்டவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கிருமித் தொற்றால் அந்தக் கண்ணின் பார்வையை இழந்தனர். செய்தி வந்த வாரத்தில் காஞ்சிபுரத்தில் நாள் குறித்திருந்த இரண்டு பேர் வேண்டாம் என்று நின்றுவிட்டது எனக்குத் தெரியும். கடுமையான தொற்று ஆயிரத்தில் ஒருவர் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் வருகிறது என்று அவர்களிடம் சொன்னேன். 'அந்த ஒருவருக்கு அது முழுசு சார்' என்றார் ஒருவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கருவிகளைச் சுத்தம் செய்யும் முறை என்ன, அறுவைக்கு மறுநாள் யார் பார்ப்பார்கள், வலித்தால் இரவில் எங்கே வருவது என்று மருத்துவமனையில் கேட்கச் சொன்னேன். அவர்களில் ஒருவர் இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டார்; செய்தும் கொண்டார்.

எந்தத் தூரத்துக்கு?

படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது அரிதாகவே கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. வழக்கமாகப் பொருத்தும் வில்லை ஒரே தூரத்துக்குத்தான் கூர்மையாகக் காட்டும். பெரும்பாலும் தொலைவுக்குப் பொருந்தும்படி வைத்துவிட்டு, படிக்கத் தனிக் கண்ணாடி கொடுப்பார்கள். பேருந்து எண்ணைப் பார்க்க விரும்புபவருக்கு இது சரி. ஆனால் நாள் முழுதும் கைக்கெட்டும் தூரத்தில் வேலை செய்பவருக்கு, அந்தத் தூரத்துக்கு ஏற்ற வில்லையை வைத்துவிட்டுத் தெருவுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வதும் ஒரு தெரிவு. இரண்டில் எது என்று நோயாளிதான் சொல்லமுடியும். ஒருமுறை வைத்த வில்லையை மாற்றுவது எளிதன்று.

எனக்கு வலக்கண்ணில் அறுவை நடந்தபோது தொலைவுக்கே வைத்துக்கொண்டேன். கோபுரம் தெரிகிறது, செய்தித்தாளுக்குக் கண்ணாடி தேடுகிறேன். அடுத்த வீட்டு நெசவாளர் என்னிடம் இதைக் கேட்டுக்கொண்டு போனவர், தறியில் உட்கார்ந்தபடி மகனை அழைத்துத் தன் கண்ணிலிருந்து நெய்த துணியின் விளிம்பு வரை ஒரு பட்டு நூலைப் பிடிக்கச் சொல்லி, அளவில் அறுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். மருத்துவர் அதை விரித்து அளந்தார். ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதல். அந்தத் தூரத்துக்கே வில்லை குறிக்கப்பட்டது. இடக்கண்ணை இன்னும் செய்யவில்லை. தறியில் இப்போது ஏறியிருக்கும் பாவு முடியட்டும் என்கிறார்.